என் வலது கையின் நாற்றம்

என் புருஷன் செத்த முப்பத்தோராம் நாள் முடிந்து, வந்த சனமெல்லாம் போன பிறகுதான் என் கை நாறத் தொடங்கியது. அதற்கு முன் நாறவில்லை.

நான் அதிகம் படித்தவள் இல்லை. மூன்றாம் வகுப்போடு மறித்துவிட்டார்கள். எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அப்படியே எழுதுவேன். நேரம் எடுக்கும். என்னைப் பற்றி ஊரில் வேறு ஒரு கதை கட்டிவிட்டார்கள். அந்தக் கதையை என் காதிலேயே வந்து சொல்கிறார்கள். அதனால் நடந்ததை நானே எழுதிவைத்தால் நல்லது என்று நினைத்தேன்.

என் புருஷனுக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. வட்டைக்குப் போன இடத்தில், வயல் சேற்றுக்குள் கிடந்த நத்தை ஓடு காலை வெட்டியது. நகம் படுகிற அளவு காயம். அது ஆறவில்லை. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு கணுக்கால் என்று ஏறியது. ஆஸ்பத்திரியில் காலை எடுக்கவேண்டும் என்றார்கள். அவர் ஒண்ணாது என்று கையெழுத்து வைத்துவிட்டு வந்து கட்டிலில் படுத்தார். பிறகு எழும்பவில்லை. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படிக் கிடந்தார்.

காலையும் பின்னேரமும் அந்தப் புண்ணைக் கழுவித் துணி மாற்றியது நான். நாங்கள் வீட்டை மகளுக்குச் சீதனமாகக் கொடுத்துவிட்டு, அதே வளவுக்குள் பின்பக்கம் கட்டிய அறையில் இருந்தோம். மகள் உதவிக்கு வருவாள். வாசலில் நின்றபடி முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு சுடுதண்ணீர்ச் சட்டியை நீட்டுவாள். நான் ஏசவில்லை. அந்த மணம் அப்படிப்பட்டது. செத்த எலி ஒரு பக்கம், புளித்த கஞ்சி ஒரு பக்கம், இரண்டும் சேர்ந்து இனிப்பாக ஒரு மணம். அந்த இனிப்புத்தான் ஆளைக் கொல்லும். ஆனால் எனக்கு அந்த நாட்களில் அருவருப்பு வரவே இல்லை. பார்க்க வந்த பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “நீ ஒரு பொம்புளை கா, ஆர் செய்வா இப்படி” என்பார்கள். நான் கேட்டுக்கொண்டு இருப்பேன். பெருமையாகத்தான் இருந்தது. இல்லை என்று ஏன் சொல்லவேண்டும்.

புண்ணைக் கழுவி முடித்ததும் சவர்க்காரம் போட்டுக் கையை அலம்பிவிட்டு, அதே கையால் சோறு பிசைந்து அவருக்கு ஊட்டுவேன். அவரும் வாயைத் திறந்து தின்பார். ஒரு நாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

முப்பத்தோராம் நாளுக்கு நான்தான் சமைத்தேன். எல்லோருக்கும் போட்டு முடித்து, பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, கடைசியாக எனக்கு ஒரு தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பிசைந்து ஒரு கவளம் எடுத்தேன். வாய்க்குக் கிட்ட வந்ததும் அந்த மணம் வந்தது. கை அப்படியே நின்றது. இந்தக் கையால் அல்லவா அவருக்கு ஊட்டினேன், அவர் எப்படித் தின்றார் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த ஒரு நினைப்புப் போதும். வயிறு புரண்டு மேலே வந்துவிட்டது. தட்டை அப்படியே நாய்க்கு வைத்தேன்.

அதற்குப் பிறகு சோறு எனக்கு இறங்கவில்லை. தேசிக்காயை வெட்டிச் சாறு விட்டுத் தேய்த்தேன். புளியால் தேய்த்தேன். மண் போட்டுத் தேய்த்தேன். அவருடைய புண் கழுவ ஆஸ்பத்திரியில் தந்த மருந்துத் தண்ணீரில் கையை ஊறப்போட்டேன். தோல் உரிந்து விரல் இடுக்கெல்லாம் வெடித்தது. மணம் போகவில்லை. கரண்டியால் தின்னச் சொன்னாள் மகள். கரண்டியைப் பிடிப்பதும் அந்தக் கைதானே. இடக்கையால் தின்னவா என்றால், அதைச் சொல்லவே எனக்குக் குமட்டுகிறது. மகள் ஊட்ட வந்தாள். கிழவிக்கு வாயைத் துடைத்துத் துடைத்து ஊட்டுவதைப் பார்க்க எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். பிறகு தேத்தண்ணீரும், அதில் தோய்த்த பேக்கரிப் பாணும்தான். பாணையும் கையால் தொடாமல், மகள் கோப்பைக்குள் பிய்த்துப் போட்டுத் தருவாள். நான் குடிப்பேன்.

கை மட்டும் என்றால் பரவாயில்லை. எல்லாம் நாறத் தொடங்கியது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவளின் தலை எண்ணெய், மீன்காரன் கூவிக்கொண்டு வரும்போதே அவனுடைய பெட்டி, கோயிலில் ஐயர் திருநீறு தருகிற விரல், மகளின் சின்னக் குழந்தையின் வாய். பச்சைக் குழந்தையின் வாய் நாறுமா? எனக்கு நாறியது. அதைத் தூக்காமல் விட்டேன்.  

பெரியாஸ்பத்திரியில் எல்லாம் எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றில் ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, மகளைப் பார்த்துச் சொன்னார்.

“வயித்தில வருத்தமில்லை. மனசிலதான். அடுத்த கிளினிக்குக்கு வரேக்க நிறை இன்னும் குறைஞ்சிருந்தா வார்ட்டில போடவேணும். மூக்கால குழாய் விட்டுத்தான் சாப்பாடு குடுக்கலாம்.”

வரும் வழியில் ஓட்டோவுக்குள் மகள் அழுதாள். அழுகிறது எனக்குப் பிடிக்காது. மூக்கு ஒழுகும். “குழாய் விட்டா நான் செத்துப் போவன்” என்றேன்.

“விடாட்டியும் செத்துத்தான் போவீங்க அம்மா” என்றாள் மகள். “உங்கிட உடுப்பெல்லாம் தொங்குது. கண்ணாடியில பாருங்க. இந்த ஆஸ்பத்திரிக்காரர் எங்கிட ஊர் மண்டபத்தில ஒரு பயிற்சி குடுக்கிறாங்களாம். மெதுவா அசையிறதாம். மனசுக்கு நல்லதாம். அதுக்காவது போங்க. எனக்காகப் போங்க.”

அசைந்தால் சோறு இறங்குமா என்று கேட்டேன். ஆனாலும் போனேன்.

அந்தப் பல்நோக்கு மண்டபம் ஆற்றோரமாக இருக்கிறது. புத்தகத்தில் வாவி என்று எழுதுவார்கள், எங்களுக்கு அது ஆறுதான். வைகாசி மாதம், தண்ணீர் வற்றிக் கரையோரச் சேறு வெளித்துக் கிடந்தது. அந்த மணம் ஒரு யன்னலால் வந்தது. மற்ற யன்னலில் வௌவால் எச்சம். யாருடைய கல்யாணத்துக்கோ கட்டிய கடதாசிப் பூ தூசி பிடித்துத் தொங்கியது. கீழே பிளாஸ்டிக் பாய்கள். எங்கள் வயதுப் பெண்கள் கொஞ்சப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். அந்தக் கால்களைப் பார்க்கவேண்டும். வெடித்த குதிக்கால், மஞ்சள் பிடித்த நகம், ஒருத்திக்குச் சேற்றுப் புண். எனக்கு வாசலிலேயே வாயில் தண்ணீர் ஊறியது, வாந்திக்கு முன்னால் ஊறுகிற தண்ணீர்.

என் மச்சாளும் வந்திருந்தாள். அவருடைய தங்கை, எனக்கு அடுத்த வளவு, என்னோடு ஒத்த வயது. முழங்கால் நோவு என்று சொல்லி வந்தாள். ஊர்க்கதை கேட்க வந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

பயிற்சி தருகிறவள் ஒரு யாழ்ப்பாணத்துப் பிள்ளை. வந்தாறுமூலைக் கம்பஸில் படித்துவிட்டு இந்தப் பக்கமே வேலைக்கு நின்றுவிட்டாளாம். குரல் பாகு மாதிரி இருந்தது. காதில் ஒட்டும்.

“அம்மாமார் எல்லாரும் பாயில வந்து நில்லுங்கோ. அவசரம் ஒண்டும் இல்லை.”

வெளியூரார் எங்களைப் பற்றிச் சொல்கிற கதை ஒன்று உண்டு. இந்த ஊர்ப் பெண்கள் மந்திரம் போட்டு, வந்தவனைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்களாம். மச்சாள் அதை விடுவாளா.

“தங்கச்சி, மட்டக்களப்புக்குப் போனா ஆர் விரிச்ச பாயிலயும் கால் வெக்கப்படாது எண்டு உங்கிட வீட்டில சொல்லி அனுப்பல்லையா?”

“பாயை விரிச்சது நானல்லோ அம்மா” என்றாள் அந்தப் பிள்ளை. “ஒட்டினா நீங்கள்தான் ஒட்டுவீங்கள்.”

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த வாய்களில் பல்லும் வெற்றிலையும் தெரிந்தன. நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

மெதுவாக மூச்சு எடுக்கச் சொன்னாள். அத்தனை பேரும் விட்ட மூச்சை நானும் எடுக்கவேண்டியிருந்தது. மெதுவாகக் குனியச் சொன்னாள். “மனசில அடைச்சுக் கிடக்கிறதெல்லாம் வெளியில போகட்டும்” என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, பின்னால் ஒருத்திக்குக் காற்றுப் பிரிந்தது. மச்சாள், “ஒராளுக்குப் போயிட்டு” என்றாள். நான் வெளியே போய்க் கரையில் நின்றேன். சேற்று மணம் அதற்குப் பரவாயில்லை. இது போதாதென்று ஆஸ்பத்திரிக்காரரோடு வந்த ஒருவன் படம் எடுத்தான். கையைத் தூக்கியபடி சிரிக்கச் சொன்னான். முடிவில் ஆளுக்கு இரண்டு கிறீம் பிஸ்கட். எல்லோரும் நக்கித் தின்றார்கள். நான் என்னுடையதை மச்சாளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

இனிப் போகமாட்டேன் என்று மகளுக்குச் சொன்னேன். அவள் என் மேல்கையைப் பிடித்தாள். அவளுடைய பெருவிரலும் நடுவிரலும் சுற்றி வந்து முட்டின. அந்த அளவுக்கு மெலிந்திருந்தேன். அதை எனக்குக் காட்டத்தான் பிடித்தாள். மறுகிழமையும் போனேன்.

அந்தக் கிழமைதான் கையைத் தூக்குகிற பயிற்சி. காலைக் கொஞ்சம் அகட்டி நின்று, இரண்டு கையையும் தொடையில் இருந்து மேலே கொண்டுவர வேண்டும். தண்ணீருக்குள் இருந்து தூக்குகிற மாதிரி அவ்வளவு மெதுவாக. உள்ளங்கை நம்மைப் பார்த்தபடி முகத்துக்கு நேரே வந்து, கொஞ்சம் நின்று, பிறகு அதே மெதுவாக இறங்க வேண்டும். கை எவ்வளவு பாரம், எந்த விரல் கூசுகிறது, தோள் எங்கே இறுகுகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். வேறு வேலை இல்லை.

எல்லோருடைய கையும் முகத்துக்கு வந்தது. என்னுடையது நெஞ்சில் நின்றது. அதற்கு மேல் வராது. வந்தால் மணக்கும்.

அந்தப் பிள்ளை என்னிடம் வந்தாள். பிடித்துத் தூக்கப்போகிறாள் என்று நினைத்து நான் முறைத்தேன். அவள் தொடவில்லை.

“அங்கேயே நிக்கட்டும் அம்மா. அது எவடத்தில நிக்குதோ அதுதான் இண்டைக்கு அதின்ர இடம். இழுக்கவேண்டாம், இறக்கவும் வேண்டாம். அங்க வைச்சுக்கொண்டு மூச்சு விடுங்கோ.”

“ஏன் வருதில்லை எண்டு கேக்கமாட்டீங்களா?”

“நீங்கள் சொன்னாக் கேப்பன்” என்றாள்.  அவள் போய்விட்டாள்.

அந்த இனிப்புக் குரலை இப்போதும் எனக்குப் பிடிக்காது. ஆனால் இது ஒன்று நடந்தது, அதை மறைக்கமாட்டேன். கையைக் கெதியாகத் தூக்கினால் கைக்கு முன்னால் அந்த நினைப்பு ஓடிவந்து என் வாயில் உட்கார்ந்துகொள்ளும். மெதுவாகத் தூக்கினால் அதுவும் ஓடிவரும், ஆனால் கை வந்து சேராது. நினைப்புக் காத்துக்கொண்டு இருக்கும். நான் விரலைப் பார்ப்பேன், முழங்கையைப் பார்ப்பேன், தோள் மூட்டில் ஏதோ கிறுகுகிறதைப் பார்ப்பேன். அதற்குள் நினைப்புக்கு அலுத்துவிடும். போய்விடும் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்ளும். அப்படி அது தள்ளி இருந்த நேரம் எனக்கு நெஞ்சு படபடக்கவில்லை. அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு மனசு மலர்ந்தது என்றெல்லாம் அந்தப் படம் எடுக்கிறவன் படத்துக்குக் கீழே எழுதியிருக்கிறானாம். எனக்கு ஒன்றும் மலரவில்லை.

வீட்டிலும் செய்தேன், ஒருவரும் பார்க்காத நேரம், கோழிக்கூட்டுக்குப் பின்னால். நெஞ்சில் இருந்து கழுத்துக்குழி வரைக்கும் வந்தது. நாலைந்து நாள் அதே இடத்தில் நின்றது. பிறகு நாடி, மோவாய் நுனி.

நாடியைத் தாண்டியது மண்டபத்தில்தான், எல்லோருக்கும் முன்னால். அன்று நான் கண்ணை மூடியிருந்தேன். கை நாடியைத் தொடுகிற தூரத்துக்கு வந்தது. இன்னும் கொஞ்சம் ஏறியது. உள்ளங்கையின் சூடு உதட்டில் பட்டது. மணம் வரப்போகிறது என்று உடம்பு முழுக்கக் காத்துக்கொண்டு நின்றது. கால் நடுங்கத் தொடங்கியது. பிறகு தோள். பிறகு அடிவயிற்றில் இருந்து ஒரு சத்தம் வந்தது. அவர் செத்த அன்றைக்கு நான் அழவில்லை. வேலை கிடந்தது. எத்தனையோ பேருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கவேண்டும், யார் எங்கே இருப்பது என்று பார்க்கவேண்டும். இப்போது பல்லும் தாடையும் அடித்துக்கொள்ள, கொண்டை அவிழ, ஓங்காளித்துக்கொண்டு அழுதேன். அசிங்கமான அழுகை. சத்தம் என்னுடையது மாதிரியே இல்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் சனத்தின் புத்தி வேலை செய்தது. வைகாசியில் கண்ணகை அம்மன் கோயில் கதவு திறந்து சடங்கு நடக்கிற காலம் அது. மண்டபத்துக்குப் பின்னால்தான் கோயில். வருஷத்தில் ஒரு முறை திறக்கிற கோயில். அந்த நேரம் ஒரு பெண்ணுக்குக் கை தூக்கியபடி உடம்பு நடுங்கித் தலைமயிர் அவிழ்ந்தால், அவளுக்குத் தெய்வம் வந்துவிட்டது என்றுதான் எங்கள் ஆட்களுக்குத் தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

முதலில் நாக்கைச் சுழற்றிக் குரவை போட்டது மச்சாள். மற்றவர்களும் போட்டார்கள். மண்டபம் அதிர்ந்தது. யாரோ கோயிலுக்கு ஓடி ஒரு வாளி மஞ்சள் தண்ணீரும் வேப்பிலையும் கொண்டுவந்து என் தலையில் ஊற்றினார்கள். சேலை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அத்தனை பேரும் என்னைச் சுற்றி வந்து நின்றார்கள், வெற்றிலை வாயும் வியர்வையுமாக.

“ஆர் வந்திரிக்கிறீங்க? தாயார், வாய் திறந்து சொல்லுங்க.”

“தள்ளி நில்லுங்க” என்றேன். எனக்கு மூச்சு முட்டியது.

எல்லோரும் கும்பிட்டபடி பின்னால் போனார்கள்.

“தண்ணி ஊத்தாதீங்க” என்றேன்.

“தாயாருக்கு மஞ்சள் தண்ணி வேணாமாம். பால் கொண்டுவாங்க” என்றாள் ஒருத்தி.

யாழ்ப்பாணத்துப் பிள்ளை சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள். “அம்மா அழுறா, அவவை விடுங்கோ, அழட்டும்” என்று அவள் சொன்னது எனக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்கவில்லை. படம் எடுக்கிறவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அந்தப் படம் பிறகு ஊர் முழுக்கப் போனது. கத்தாரில் கூடப் பார்த்தார்களாம்.

அப்போதுதான் மச்சாள் முன்னால் வந்து என் காலடியில் விழுந்தாள். எழும்பி என் வலது கையைப் பிடித்தாள். நான் இழுத்தேன், விடவில்லை. அந்தக் கையை இரண்டு கண்ணிலும் ஒற்றினாள். மூக்கில் ஒற்றினாள். பிறகு உள்ளங்கையைத் தன் வாயில் வைத்துக் கொஞ்சினாள்.

“தாயே, கத்தாருக்குப் போன என்ட மகன் போன் எடுக்கிறானில்லை. உசிரோட இரிக்கிறானா எண்டு மட்டும் சொல்லு தாயே.”

அவளுடைய எச்சில் என் உள்ளங்கையில் பட்டது. நான் கையை உதறிவிட்டு, நனைந்த சேலையோடு ரோட்டால் நடந்து வீட்டுக்கு வந்தேன். பின்னால் குரவைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுகா வந்த நாட்கள் அதைவிட அருவருப்பு. காலையில் படலையைத் திறந்தால் யாராவது தட்டில் வெற்றிலை பாக்கோடு நிற்பார்கள். திருநீறு வேண்டும், வாக்கு வேண்டும். என்னைக் கண்டால் ஒதுங்கிப் போகிறவர்கள் எல்லாம் காலைத் தொடவந்தார்கள். மண்டபத்தில் அந்தக் கிழமை உள்ளே நிற்க இடமில்லாத அளவுக்குச் சனமாம், கற்பூரத்தோடு வந்திருந்தார்களாம். நான் போகவில்லை. அந்தப் பிள்ளை ஒருநாள் வீட்டுக்கு வந்து, “நீங்கள் வராட்டியும் பரவாயில்லை, வீட்டில செய்யிறதை விட்டிடாதையுங்கோ” என்று சொல்லிவிட்டு, தேத்தண்ணீர் குடிக்காமல் போனாள். படலையில் நின்றவர்கள் அவளிடமும் திருநீறு கேட்டிருக்கிறார்கள்.

மச்சாளுக்கு உண்மையைச் சொல்லத்தான் வேண்டும் என்று நினைத்தேன். அவள் ஒரு பின்னேரம் பூவோடு வந்தாள். பயந்து பயந்து நின்றாள். என்னோடு அவள் அப்படிப் பணிந்து நின்றதே இல்லை.

“இரு கா” என்றேன். “அண்டைக்கு அம்மனும் வரல்ல, ஒருத்தரும் வரல்ல. உன்ட அண்ணனை நினைச்சு அழுதன். அவ்வளவுதான்.”

அவளுடைய முகம் மாறியது.

“அப்ப நான் உன்ட காலிலயா விழுந்தன்?”

“என்ட காலிலதான்.”

“உன்ட கையையா கொஞ்சினன்?”

“ஓம்.”

“நாசமாப் போவாள். நீ அழுறதெண்டா மனுசர் மாதிரி அழமாட்டியா? மாடு கத்துற மாதிரிக் கத்தினா ஆருக்குத் தெரியும்?” என்று பூவைத் தூக்கிக் கோழிக்கு எறிந்தாள். பிறகு உட்கார்ந்தாள். “மகன் நேத்துப் போன் எடுத்தான்” என்றாள். “அம்மன்தான் எடுக்கவைச்சா எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்.”

நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். இவ்வளவு நாளும் யாரிடமும் கேட்காதது.

“என்ட கையை மூக்கில வெச்சாயே. என்ன மணம் மணத்திச்சு?”

மச்சாளுக்கு நாய் மூக்கு. பழைய சோறு எத்தனை நாள் பழசு என்று வாசலில் நின்று சொல்லுவாள். அவள் யோசித்தாள்.

“மஞ்சள் மணத்திச்சு. வேப்பிலை மணத்திச்சு. அடியில சவுக்காரம். ஏன்?”

“வேற ஒண்டும் இல்லையா?”

“வேற என்ன மணக்கும்? பூவா மணக்கும்?” என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு ஏதோ விளங்கியது. அவளும் அண்ணனைப் பார்க்க வரும்போது மூக்கைப் பொத்தியவள்தான். “மச்சாள், அதுதானா நீ தின்னுறல்ல?” என்றாள். நான் கையைச் சேலைக்குள் மறைத்தேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவளுக்கு வாய் அடைத்துப் போய் நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

அவள் சொன்னதை நான் உடனே நம்பவில்லை. கிளினிக் நாள் கிட்ட வந்துகொண்டிருந்தது. மகள் என் கையைப் பிடித்து அளப்பதை நிறுத்திவிட்டாள், பயத்தில். நான் கோழிக்கூட்டுக்குப் பின்னால் கையைத் தூக்குவதை மட்டும் விடவில்லை. நாடி, உதடு, மூக்கு. மூக்குக்கு நேரே வைத்துக்கொண்டு மூச்சு விட்டேன். ஒருநாள் அந்த மணம் இருந்தது. ஒருநாள் இல்லை. இன்னொரு நாள் இருக்கிறதா இல்லையா என்று பார்த்துக்கொண்டு நிற்கும்போதே கோழி ஒன்று காலைக் கொத்தியது, எனக்கு மணம் மறந்துபோனது.

கிளினிக்குக்கு முதல் நாள் மத்தியானம் மகளிடம் தட்டில் சோறு போடச் சொன்னேன். அவள் கோப்பையை எடுத்தாள். தட்டில் என்றேன். அவள் சோறும், கெழுத்தி மீன் குழம்பும், ஒரு பக்கம் கீரையும் வைத்துக் கொண்டுவந்தாள். தட்டை வைத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நின்றாள்.

“பாத்துக்கொண்டு நிக்காத” என்றேன்.

“நான் பாக்கல்ல” என்றாள். பார்த்துக்கொண்டுதான் நின்றாள்.

பிசைந்தேன். விரல் இடுக்கில் வெடித்திருந்த தோலில் உறைப்புப் பட்டு எரிந்தது. ஒரு சின்னக் கவளம் எடுத்தேன். தொடையில் இருந்து தூக்குகிற மாதிரியே தூக்கினேன். கவளம் எவ்வளவு பாரம் என்று பார்த்தேன். குழம்பு மணிக்கட்டால் வழிந்தது, அந்த வழிகிற அருவருப்பையும் பார்த்துக்கொண்டேன். நெஞ்சில் கை நின்றது. நிற்க விட்டேன். மகள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. நினைப்பு வந்தது, அவர் எப்படித் தின்றார் என்று. வரட்டும் என்று விட்டேன். கழுத்துக்குழியில் ஒரு தரம் நின்றது. நாடியில் நின்றது. சோறு ஆறிப்போய்விட்டது. வாயைத் திறந்து வைத்தேன்.

மென்றேன். வயிறு ஒரு தரம் புரண்டது. இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துக்கொண்டு, அது புரண்டு முடியும் வரைக்கும் இருந்தேன். விழுங்கினேன். இன்னொரு வாய். அதுவும் மெதுவாகத்தான். மூன்றாவது வாயில் மீன் துண்டை வைத்துக்கொண்டேன்.

நாறியது. எனக்கு முகம் சுளித்தது. கையில் இருந்ததைத் தட்டில் போட்டேன்.

மகள் ஓடிவந்து பக்கத்தில் குந்தினாள். முகம் வெளுத்துப்போய் இருந்தது.

“என்னம்மா, நாறுதா? கையா?”

நான் கையை மூக்குக்குக் கொண்டுபோனேன். மெதுவாகக் கொண்டுபோக வேண்டும் என்ற நினைப்பே இல்லை, அது தானாக வந்துவிட்டது. மணந்து பார்த்தேன். பிறகு தட்டில் கிடந்த மீனை விரலால் புரட்டிப் பார்த்தேன். வயிற்றுப் பக்கம் சதை கூழாகியிருந்தது.

“மீன் புள்ள. இதை ஆரிட்ட வாங்கினாய்? நேத்தைய மீன். இத உன்ட புள்ளைக்கும் குடுத்தாயா?”

அவள் அழுதாள், மூக்கு ஒழுக ஒழுக. நான் மீனை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கீரையைப் போட்டுப் பிசைந்தேன்.